தோல் பைகளுக்குப் பவர் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

நூலும்தோலும் (கோவை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு ஆண்டுகளாகத் தோல் பைகளைக் கையாலேயே, இரண்டு ஊசிகளைக் கொண்டு தைத்து விற்று வருகிறேன். தோள்பை, மடிக்கணினிப் பை, சில நேரங்களில் பெல்ட் ஆகியவையே என் வேலை. பைகளின் உடற்பகுதிக்கு 1.2 முதல் 1.6 மில்லிமீட்டர் வரை கனமுள்ள குரோம் பதனிட்ட மாட்டுத்தோலையும், கைப்பிடிகளுக்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலையும் பயன்படுத்துகிறேன். கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் மொத்தக் கனம் 7 மில்லிமீட்டர் வரை வந்துவிடுகிறது.

ஆர்டர்கள் கூடிவிட்டன, மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கிவிட்டது. எனவே மெஷின் வாங்க முடிவு செய்து, முதலில் தெரிந்தவர் கடையில் இருந்த அம்பர்லா மெஷினில் (தையற்கடைகளில் இருக்கும் சாதாரண மெஷின்) ஒரு பையைத் தைத்துப் பார்த்தேன். இரண்டு தோல்களையும் ஒரே அளவில் வெட்டி ஓரம் சேர்த்து வைத்துத்தான் தொடங்கினேன். 60 சென்டிமீட்டர் தைத்து முடித்தபோது மேல்தோல் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் மிஞ்சி நின்றது. தோலில் ஒரு முறை விழுந்த துளை மறையாது என்பதால் அந்த இரண்டு துண்டுகளையும் ஒதுக்கிவைக்க நேர்ந்தது.

மெஷின் விற்கும் ஒருவர், 441 வகைக் கனரக மெஷினை வாங்கினால் எதையும் தைக்கலாம் என்கிறார். திருப்பூரில் உள்ள நண்பர், பனியன் கம்பெனியிலிருந்து வந்த, ஜூக்கி கம்பெனியின் டி.டி.எல். 8700 மெஷின் ஒன்று நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்கிறார். என் கையில் ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நொய்யல் (திருப்பூர்) எழுதியது:

வணக்கம் தம்பி. நான் துணி மெஷின்களோடு வாழ்பவன், தோல் வேலை எனக்குத் தெரியாது. ஆனாலும் 8700-ஐப் பற்றி உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: அது உங்களுக்கு வேண்டாம். அது நிமிடத்திற்கு 5,500 தையல் வரை ஓடும் சிங்கிள் நீடில் மெஷின். பனியனுக்கும் சட்டைக்கும் அதைவிட நம்பகமானதைத் தேடுவது கடினம். ஆனால் அதன் தையல் நீளம் 4 அல்லது 5 மில்லிமீட்டருக்குமேல் போகாது, பாதத்தின் கீழே உங்கள் 7 மில்லிமீட்டர் கைப்பிடி நுழைவதே பெரும்பாடு, பருமனான நூலுக்கு ஏற்ற ஊசியும் அதில் பொருந்தாது. பையின் உள்ளே வைக்கும் துணி லைனிங்கை மட்டும் தனியாகத் தைப்பதென்றால் மிகப் பொருத்தம். நண்பர் விலை குறைத்துத் தருகிறார் என்பதற்காகத் தோலுக்கு அதை வாங்கிவிடாதீர்கள்.

பாலாற்றங்கரை (வாணியம்பாடி) எழுதியது:

வணக்கம். ஆம்பூர், வாணியம்பாடி பகுதித் தோல் தொழிற்சாலைகளில் இருபத்தைந்து ஆண்டுகளாக மெஷின் மெக்கானிக்காக இருக்கிறேன். தம்பி சொன்ன அந்த 1 சென்டிமீட்டர் மிச்சத்தில் இருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

சாதாரண மெஷினில் கீழே இருக்கும் பல் மட்டுமே பொருளைப் பின்னால் நகர்த்துகிறது. மேலே இருக்கும் பாதம் நகராமல் அழுத்திக்கொண்டு நிற்கிறது. துணியென்றால் மேல்துணி கீழ்த்துணியைப் பற்றிக்கொண்டு கூடவே போய்விடும். தோலின் வழவழப்பான மேற்புறமோ பாதத்தின் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். கீழ்த்தோல் ஒவ்வொரு தையலுக்கும் முழுதாக நகர, மேல்தோல் மயிரிழை அளவு பின்தங்கும். 60 சென்டிமீட்டரில் சுமார் 150 தையல்கள் விழுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு பின்தங்கினாலே போதும், கடைசியில் உங்களுக்கு மிஞ்சிய அந்த 1 சென்டிமீட்டர் வந்துவிடும். அது உங்கள் கையின் குறை அன்று, மெஷினின் அமைப்பு அப்படி.

தோலுக்கு வேண்டியது காம்பவுண்ட் ஃபீட். இதையே சிலர் வாக்கிங் ஃபுட் என்றும், சிலர் டிரிபிள் ஃபீட் என்றும் சொல்கிறார்கள். இதில் பாதம் உள்பாதம், வெளிப்பாதம் என இரண்டாக இருக்கும். ஊசி தோலுக்குள் இறங்கி நிற்கும்போதே, ஊசியும் உள்பாதமும் கீழே உள்ள பல்லும் மூன்றுமாகச் சேர்ந்து தோலைப் பின்னால் கொண்டுபோகும். பிறகு வெளிப்பாதம் இறங்கித் தோலைப் பிடித்துக்கொள்ள, அந்த மூன்றும் அடுத்த தையலுக்காக முன்னே திரும்பி வரும். எல்லா அடுக்குகளையும் ஊசியே குத்திப் பிடித்து நகர்த்துவதால் ஒன்று முந்தி மற்றொன்று பிந்த வழியில்லை. வாக்கிங் ஃபுட் என்ற பெயரில் ஊசி நகராமல் பாதமும் பல்லும் மட்டும் நகரும் மெஷின்களும் விற்கப்படுகின்றன. எனவே கடையில் பெயரைக் கேட்டுத் திருப்தி அடையாமல், கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஊசி இறங்கியபின் பின்னால் நகர்கிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள்.

நூலும்தோலும் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. இத்தனை நாள் என் கை சரியில்லை என்றே நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் 441 வகையும் காம்பவுண்ட் ஃபீட்தானே? அதையே வாங்கிவிட்டால் மெல்லிய தோலுக்கும் பெல்ட்டுக்கும் ஒன்றாகிவிடாதா? மேலும், தட்டையான மேசை உள்ளதா, சிலிண்டர் உள்ளதா என்பதிலும் குழப்பமாக இருக்கிறது.

செந்தோல் (பல்லாவரம்) எழுதியது:

வணக்கம் தம்பி. நான் எட்டுப் பெண்களோடு ஒரு சிறிய பை தைக்கும் கூடம் நடத்துகிறேன். மேசை வடிவத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதைப் பாலாற்றங்கரை அண்ணன் சொல்வார்.

உங்கள் பை எப்படி மூடுகிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். உட்புறத்தை வெளியே திருப்பி வைத்துத் தைத்து, பின்பு புரட்டி எடுக்கும் பையென்றால் தட்டை மேசை போதும். பைப்பிங் வைத்த பைகள் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் முன்பக்கத் தோல், பின்பக்கத் தோல், நடுவே பக்கப்பட்டை என்று வைத்து, வெட்டிய ஓரம் வெளியே தெரியும்படி தைத்து, ஓரத்துக்குச் சாயம் பூசி மெருகேற்றும் பையென்றால், கடைசித் தையலின்போது பை பெட்டிபோல் எழுந்து நிற்கும். அதைத் தட்டை மேசையில் படுக்கவைக்க முடியாது. சிலிண்டர் மெஷினில் தைக்கும் இடம் உருளை வடிவக் கை போல் நீண்டிருக்கும், அந்தக் கையைப் பைக்குள் நுழைத்துச் சுற்றிவர எளிதாகத் தைத்துவிடலாம். போஸ்ட் மெஷின், அதாவது தூண் போல் நிற்கும் மெஷின், இன்னும் குறுகிய மூலைகளுக்கு ஆனது. ஆம்பூரில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேற்பகுதி, தைக்கும் கூடங்களில் வரிசையாக நிற்பவை அவைதான், பைக்காரருக்கு அது இரண்டாவது அல்லது மூன்றாவது மெஷினாக இருக்கலாமே தவிர முதல் மெஷினாக இருக்க வேண்டியதில்லை.

சிலிண்டருக்கு மேலே பலகை பொருத்தித் தட்டையாக்கிக்கொள்ளலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் பெரிய தோல் துண்டில் ஜிப் வைத்துத் தைக்கும்போது, விரிந்த மேசை மேல் தோல் முழுதாகப் படுத்துக் கிடக்கும் நிம்மதி அதில் வருவதில்லை. நாள் முழுவதும் நீங்கள் தைப்பதில் எது அதிகம் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். என் கூடத்தில் எண்ணியபோது பத்துத் தையல்களில் எட்டு, பை மூடுவதற்கு முன்பே, துண்டு தட்டையாக இருக்கும்போதே முடிந்துவிடுவது தெரிந்தது. அதனால் நான் முதலில் தட்டை மெஷினையும், மூன்று ஆண்டுகள் கழித்துச் சிலிண்டரையும் வாங்கினேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

சகோதரி சொன்னது முற்றிலும் சரி. இனி 441-ஐப் பற்றி.

ஜூக்கியின் டி.எஸ்.சி. 441-உம் அதைப் பார்த்துச் செய்யப்பட்டவையும் குதிரைச் சேணம், கனத்த பெல்ட், பாரம் தூக்கும் நாடா போன்றவற்றுக்காகப் பிறந்தவை. நிமிடத்திற்கு 800 தையல் என்ற அளவிலேயே ஓடும் உறுதியான மெஷின்கள். அவற்றின் ஊசி பருமனானது, ஊசித்தட்டில் ஊசி இறங்கும் துளை பெரியது, பாதத்தின் அழுத்தம் கடுமையானது. 1.2 மில்லிமீட்டர் மென்தோலை அதில் வைத்தால், ஊசி இறங்கும்போதே தோலையும் அந்தத் துளைக்குள் சேர்த்து அழுத்தும். அடிப்புறத்தில் தையலுக்குத் தையல் சிறு குழி விழும், மேற்புறத்தில் பாதத்தின் தடம் ஏணிப்படி போல் பதியும். மெல்லிய தட்டும் சிறு ஊசியும் மாற்றி ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் நாள்தோறும் செய்யும் வேலையை அப்படிச் சமாளித்துக்கொண்டே செய்யக் கூடாது. கனத்தது எல்லாவற்றையும் தைக்கும் என்று எண்ணுவது, மரம் வெட்டும் கோடரியால் வெங்காயமும் அரியலாம் என்று எண்ணுவதைப் போன்றது.

எனவே மெஷினைத் தேர்ந்தெடுக்கும் முன் நூலைத் தேர்ந்தெடுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். பை உங்கள் மனத்தில் எப்படித் தெரிகிறது? தையல் கோடு மெலிதாக, தோலோடு தோலாக இருக்க வேண்டுமென்றால் 40 டிக்கெட் நூல், அதற்கு 110-ஆம் எண் ஊசி. தையலே அழகாகத் தனித்துத் தெரிய வேண்டுமென்றால் 20 டிக்கெட் நூல், அதற்கு 140-ஆம் எண் ஊசி. டிக்கெட் எண் கூடக்கூட நூல் மெலியும் என்பதை நினைவில் வையுங்கள், புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பெட்டி பெட்டியாகத் தவறான நூலை வாங்கிவிடுகிறார்கள். ஊசியின் எண்ணோ நேரானது: 140 என்றால் ஊசித்தண்டின் விட்டம் 1.40 மில்லிமீட்டர். நூல் இந்த இரண்டில் ஒன்று என்று முடிவானால் உங்களுக்கு வேண்டியது நடுத்தரக் கனரக வகை, அதாவது ஜூக்கி டி.என்.யூ. 1541 போன்றது. தையல் நீளம் 9 மில்லிமீட்டர் வரை, முழங்கால் லிஃப்டரால் பாதம் 16 மில்லிமீட்டர் வரை உயரும், வேகம் நிமிடத்திற்கு 2,500 தையல். பாபின் மேற்புறத்திலேயே இருப்பதால், பெரிய பையைத் தூக்கிப் புரட்டாமல் மாற்றலாம். இந்த அமைப்பையே பின்பற்றிப் பல கம்பெனிகள் செய்வதால் உதிரிபாகங்களுக்குத் தட்டுப்பாடு இல்லை, திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

உங்கள் 7 மில்லிமீட்டர் கைப்பிடி இதில் நுழையும். ஆனாலும் அந்த இடத்தை 7 மில்லிமீட்டராகவே விட்டுவைப்பது ஏன்? சேரும் பகுதியில் ஓரத்தைச் சீவி, அதாவது ஸ்கைவிங் செய்து, கனத்தை 4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் தையலும் அமரும், பையின் தோற்றமும் சீராகும். கனரக மெஷினுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் ஒரு பகுதி ஸ்கைவிங் மெஷினுக்குப் போனால் அது இரட்டைப் பலன் தரும்.

செந்தோல் எழுதியது:

ஸ்கைவிங் பற்றி அண்ணன் சொன்னதை நான் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஊசியின் முனை. தோலுக்கு வெட்டுமுனை ஊசி வேண்டும். எல்.ஆர். முனை தோலைச் சாய்வாகக் கீறுவதால் தையல் லேசாகச் சாய்ந்து, கைத்தையல் போல் அழகாக விழும். எஸ். முனை போட்டால் நேர்க்கோடாக விழும். ஆனால் கேன்வாஸ், நாடா, லைனிங் துணி ஆகியவற்றுக்கு வெட்டுமுனை ஊசியைப் போடாதீர்கள். அது இழைகளை அறுத்துவிடும், வாங்கியவர் பையைத் தூக்கிய சில மாதங்களில் தையலோரமாகவே துணி கிழியும். வேலை மாறும்போது ஊசியையும் மாற்றும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள். நூலிலும் ஒன்று: வெயிலில் அதிகம் புழங்கும் பைக்கு நைலானைவிடப் பாலியஸ்டர் நீடித்து நிற்கும். இரண்டிலும் பாண்டட் என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கனத்த தோலில் நூல் புரி பிரிந்து அறுந்துகொண்டே இருக்கும்.

நொய்யல் எழுதியது:

மோட்டாரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன். பழைய மெஷின்களோடு வருவது கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டது முதல், நீங்கள் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும், அது நிமிடத்திற்கு ஆயிரத்து நானூறு சுற்றுக்குமேல் ஓடிக்கொண்டே இருக்கும். கால் சற்று அழுந்தினாலே மெஷின் பாய்ந்துவிடும். துணியில் பிரித்துத் தைக்கலாம், உங்கள் தோலில் முடியாது. எனவே செர்வோ மோட்டார் போட்டுக்கொள்ளுங்கள். அது மிதிக்கும்போது மட்டுமே சுழலும், மின்சாரமும் மிச்சம்.

ஆனால் செர்வோவை மிகக் குறைந்த வேகத்துக்கு வைத்தால் கனமான இடத்தில் ஊசி இறங்காமல் திணறும். அதற்கு மோட்டார் புல்லியைச் சிறிதாக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் புல்லியை எடுத்துவிட்டு 50 மில்லிமீட்டர் போட்டால் வேகம் பாதியாகி, குத்தும் விசை இரட்டிப்பாகும். அதுவும் போதாதென்றால் நடுவே ஒரு ஸ்பீடு ரெட்யூசர், அதாவது வேகத்தை மேலும் குறைத்து விசையைக் கூட்டும் அமைப்பு, வைக்கலாம். உங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்குமென்றால் ஸ்டெபிலைசர் ஒன்றும் அவசியம், ஏனெனில் செர்வோவின் கன்ட்ரோல் பாக்ஸ் அதைத் தாங்காது.

நூலும்தோலும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. என் வேலையை ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். அக்கா சொன்னது போலவே பெரும்பகுதி தட்டைத் தையல்தான். இப்போது சென்னைப் பெரியமேட்டில் ஒருவரிடம் 1541 ஒன்று, பழையது, விலைக்கு வருகிறது. நேரில் போய் எதைச் சோதிக்க வேண்டும், ஐயா?

பாலாற்றங்கரை எழுதியது:

முதலில் பெயின்டைப் பார்க்காதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய மெஷினை நான் கூடுதல் எச்சரிக்கையோடுதான் அணுகுவேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று மிக மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது ஓரிடத்தில் மட்டும் இறுகினால் உள்ளே ஏதோ உரசுகிறது என்று பொருள். ஊசிக்கம்பியை விரல்களால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். காம்பவுண்ட் ஃபீட் என்பதால் மிகச் சிறிதளவு அசைவு இருக்கலாம், கடகடவென்று ஆடக் கூடாது.

அடுத்தது, நான் எப்போதும் தவறாமல் செய்யும் சோதனை. நூலைக் கோக்காமல், ஒரு தடித்த அட்டையை வைத்து, தையல் நீளத்தை 5 மில்லிமீட்டருக்குத் திருப்பி, கையாலேயே சுற்றி ஆறு துளைகள் முன்னோக்கிப் போடுங்கள். பிறகு ரிவர்ஸ் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆறு துளைகள் பின்னோக்கி வாருங்கள். அட்டையை எடுத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். பின்னோக்கி விழுந்த துளைகள் முன்பு விழுந்த அதே துளைகளில் அமர்ந்திருந்தால் ஃபீட் பாகங்கள் தேயவில்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் இன்னொரு துளையாக, அரிசி மணி போல் நீண்டு தெரிந்தால், ஒன்று அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், அல்லது உள்ளே புஷ், லிங்க் ஆகிய இணைப்புப் பாகங்கள் தேய்ந்துவிட்டன. விற்பவர் மெக்கானிக்கை அழைத்து உங்கள் முன்னிலையிலேயே அதைச் சரிசெய்து காட்டினால் வாங்கலாம், வீட்டுக்குப் போனதும் சரியாகிவிடும் என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஹூக்கின், அதாவது கீழே மேல்நூலைப் பிடித்துக் கீழ்நூலோடு பின்னும் கொக்கியின், கூர்முனையில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முனை மழுங்கியிருந்தாலோ, ஊசி இடித்த பிசிறு தட்டுப்பட்டாலோ தையல் விட்டுவிட்டு விழும். ஹூக்கை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

இவையெல்லாம் முடிந்தபின் நீங்கள் கொண்டுபோன தோலில், நீங்கள் கொண்டுபோன நூலில் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் துண்டில் அல்ல. உங்கள் பையிலேயே மிக மெல்லிய இடத்தையும் மிகக் கனத்த இடத்தையும் துண்டுகளாக வெட்டி எடுத்துச் செல்லுங்கள். இரண்டு அடுக்கில் இருந்து கைப்பிடி மேல் ஏறி, மறுபடியும் இரண்டு அடுக்குக்கு இறங்கட்டும். ஏறும் இடத்தில் தையல் நீளம் சுருங்கக் கூடாது. உள்பாதம் எவ்வளவு உயர வேண்டும் என்பதைத் திருகி மாற்றும் டயல் மேலே இருக்கும், அதைக் கூட்டிப் பார்த்தபின்பும் சுருங்கினால்தான் குறை. பிறகு அந்தத் துண்டைக் குறுக்கே பிளேடால் வெட்டுங்கள். மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சு தோலின் நடுக்கனத்தில் புதைந்திருக்க வேண்டும்.

செந்தோல் எழுதியது:

தம்பி, பாதத்தின் அடிப்புறத்தையும் தடவிப் பாருங்கள். கேன்வாஸ் தைத்த மெஷினில் பாதத்தின் அடியில் பல் வெட்டு இருக்கும், அது தோலில் தடம் பதிக்கும். தோலுக்கு வழவழப்பான பாதம் தனியாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. கீழே உள்ள பல்லும் கூர்மையாக இருந்தால் தேய்த்து மெருகேற்றித் தரச் சொல்லுங்கள்.

நூலும்தோலும் எழுதியது:

பெரியமேட்டுக்குப் போய்வந்தேன். முதல் மெஷினில் அட்டைச் சோதனையிலேயே துளைகள் இரட்டை இரட்டையாக விழுந்தன. விற்பவர் அது ஒன்றும் பெரிதல்ல என்றார், நான் நன்றி சொல்லி வந்துவிட்டேன். அதே தெருவில் வேறொருவரிடம், 1541-ஐப் பின்பற்றிச் செய்த மெஷின் ஒன்று இருந்தது. பெயின்ட் உரிந்து, மேசையின் ஒரு மூலை சிதைந்து, பார்ப்பதற்குக் களையிழந்து இருந்தது. ஆனால் ஆறு துளைகளும் ஆறாகவே நின்றன. 1.2 மில்லிமீட்டர் தோலில் 40 டிக்கெட் நூலையும், கைப்பிடித் துண்டில் 20 டிக்கெட் நூலையும் போட்டு, ஒவ்வொரு முறையும் ஊசியையும் டென்ஷனையும் (நூலின் இறுக்கத்தையும்) மாற்றித் தைத்தோம். கைப்பிடித் துண்டை அங்கேயே வெட்டிப் பார்த்தேன், முடிச்சு நடுவில் இருந்தது.

புதிய செர்வோ மோட்டார், 50 மில்லிமீட்டர் புல்லி, வழவழப்பான பாதம் ஆகியவற்றையும் சேர்த்தபின் கையில் மீதி இருக்கிறது. அதைப் பழைய ஸ்கைவிங் மெஷின் ஒன்றுக்காக வைத்திருக்கிறேன். நேற்று அதே 60 சென்டிமீட்டர் தையலை இதில் தைத்தேன். இரண்டு ஓரங்களும் ஒன்றாக முடிந்தன. ஐயா, ஒரே ஒரு ஐயம்: மூலையில் திரும்பும்போது ஒரு தையல் மட்டும் சில நேரம் விட்டுப்போகிறது.

பாலாற்றங்கரை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, தம்பி. திரும்பும்போது ஊசியை அடிவரை இறக்கி அங்கேயே நிறுத்தித் திருப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் ஹூக் பிடிக்க வேண்டிய நூல் வளையம் இன்னும் உருவாகியிருக்காது, தோலைத் திருப்பும்போது அது கலைந்துவிடும். ஊசி அடியைத் தொட்டு மேலே எழத் தொடங்கி, ஹூக்கின் முனை நூலைப் பிடித்தபின் நிறுத்தித் திருப்புங்கள். கைச்சக்கரத்தால் நாலைந்து மூலைகளைச் செய்து பார்த்தால் அந்த இடம் கைக்குப் பழகிவிடும். அதன் பிறகும் விட்டுப்போனால் ஊசிக்கும் ஹூக்குக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.